உரிமையாளரின் முகம்

செப்டம்பர் 22, திங்கள்

வண்டி மானிய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காரணம், முகம் பொருந்தவில்லையாம்.

காலை லோடு இறக்கிவிட்டு நேராக ஷோரூமுக்குப் போனேன். மானிய வேலையெல்லாம் பார்ப்பது நஸ்ரின் என்கிற பெண். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாலை போட்ட புது மின்சார லோடு ஆட்டோ. அதன் பக்கத்தில் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, என் தங்கச்சி தங்கமாரி.

"சார், உரிமையாளர் பேரு செல்வக்கனி. ஆதார்ல இருக்கது அவங்க முகம். போட்டோல நிக்கிறது யாரு?"

"என் தங்கச்சிம்மா. அவளும் எங்க வீட்டுப் பொண்ணுதான்."

"உங்க வீட்டுக்குச் சரி சார். சிஸ்டத்துக்கு?"

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நானே என் போனில் எடுத்துக் கொடுத்தது. செல்வக்கனி என் மனைவி. எனக்கு ஏழரைச் சனி ஓடுவதால் இரும்புச் சாமான் எதையும் என் பெயரில் வாங்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அவளுடைய ராசிக்குக் குரு பார்வை இருக்கிறதாம். அதனால் வண்டி அவள் பெயரில். ஆனால் வண்டி எடுத்த அன்று அவளுக்கு வீட்டுக்குத் தூரம். வயிற்றுவலி என்று காலையிலிருந்து சுருண்டு படுத்துக் கிடந்தாள். புது வண்டிப் பூசைக்கு அப்படி வரக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். ஷோரூமில் உரிமையாளரை நிற்கச் சொன்னார்கள். தங்கமாரி நின்றாள். இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் கடைசிக்குள் செல்வக்கனியே நேரில் வந்து, வண்டி பக்கத்தில் நின்று முகம் காட்ட வேண்டுமாம். மானியத்தைக் கழித்துக்கொண்டுதான் வண்டி விலையே போட்டார்கள். வரவில்லை என்றால் அந்தத் தொகையை நாங்கள் கட்ட வேண்டும். கட்ட எங்கே இருக்கிறது? வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி மிதிவண்டியில் தண்ணீர் கேன் கட்ட வேண்டியதுதான்.

செல்வக்கனி சாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வண்டி வந்த மறுவாரம் போனாள். ஓய்வுக்காக.

செப்டம்பர் 23, செவ்வாய்

மேட்டுத் தெருவில் மூன்று வீட்டுக்குக் கேன் போடாமல் விட்டுவிட்டேன். எந்த வீட்டில் எப்போது தீரும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆடிட்டரிடம் போனேன். மனைவி வராமல் வேறு வழியில் மானியமோ வரிச் சலுகையோ கிடைக்குமா என்று கேட்டேன்.

"தனிநபரா வாங்குனீங்களா, நிறுவனமா வாங்குனீங்களா?" என்றார்.

"எங்களுக்காக வாங்குனோம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நிறுவனமாகக் கேட்க வேண்டுமானால் வண்டி கடையின் பெயரில் இருக்க வேண்டும். கடை என் அம்மா வெள்ளையம்மாள் பெயரில் இருக்கிறது. தனிநபராகக் கேட்க வேண்டுமானால் கடன் வாங்கியவரும் வண்டிக்கு உரியவரும் ஒருவராக இருந்தால் வட்டிக்கு ஏதாவது பார்க்கலாம். வண்டி மனைவி பெயரில், கடை அம்மா பெயரில், கடன் மட்டும் என் பெயரில். கடன் வாங்குவதற்குச் சனி பகவானுக்கு ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது.

"மூணு பேரு சேந்து ஒரு ஆளு மாதிரி வாழ்றீங்க. சட்டத்துக்கு அது புரியாதுய்யா" என்றார் ஆடிட்டர். "பேசாம வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்து முகத்தக் காட்டச் சொல்லுங்க. அஞ்சு நிமிச வேல."

அவர் சொல்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று செல்வக்கனியிடம் பேசினேன்.

விண்ணப்பத்தை மறுபடி திறப்பதற்கு அவள் போனுக்கு ஒரு எண் வருமாம். அதைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள் நஸ்ரின். ஷோரூம் வாசலில் நின்று அடித்தேன். நான்காவது தடவை எடுத்தாள்.

"கனி, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்."

பிறகு ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

எண் சரியாக விழுந்துவிட்டது, விண்ணப்பம் திறந்துவிட்டது என்றாள் நஸ்ரின். எதற்கும் இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்றாள். "அனுப்பும்மா" என்றேன். மறுபடி அடித்தேன். மறுபடி ஆறு எண்கள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கலாம்.

எதிர்வீட்டு நூர்ஜகான் அக்கா சாயங்காலம் கேன் வாங்கும்போது, "கனிக்கு ரத்தம் ஊற மாதுளம்பழம் வாங்கிக் குடுத்து விடு தம்பி" என்றார். வண்டி எடுத்த அன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவர்தான். ஷேர் ஆட்டோவுக்கு வெகு நேரம் தெருமுனையில் நின்றார்களாம். நாங்கள் வண்டியோடு பிள்ளையார் கோயிலில் இருந்தோம். என் போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது. இதைச் செல்வக்கனியிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. வண்டியைக் கழுவினேன். அம்மா சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தங்கமாரி சுண்டல் கொண்டுவந்தாள். போட்டோ எடுக்கலாமா அண்ணே என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், முகம் வாடிப்போய் உள்ளே போனாள்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற கணேசனை அம்மா வரச் சொல்லியிருந்தாள். முன் கண்ணாடியில் குலசாமி பெயரை ஒட்டினான். கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

"புள்ளைங்க பேரு என்னண்ணே?"

நான் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அத விட்ருப்பா. பெறகு ஒட்டிக்கிடலாம்" என்றாள் அம்மா.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. கணேசனுக்கு அது தெரியாது. அவன் அளவெடுத்து, பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, இடத்தை விட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாத்தூர் போனேன். வண்டியில்தான் போவதாக இருந்தது. போய்த் திரும்ப சார்ஜ் பற்றாது என்பதால் பஸ்ஸில் போனேன். மாதுளம்பழம் வாங்கினேன்.

அத்தை வாசலில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் நான் வந்தால் இலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். செல்வக்கனி கதவுக்குப் பின்னால் நின்றாள். மெலிந்திருக்கிறாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மானியத்தை ஆரம்பித்தேன். முகம் பொருந்தாதது, மாதக் கடைசி, போர்ட்டல் மூடுவது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே நன்றாக இல்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

அத்தை கத்தரியைக் கீழே வைத்தார்.

"மாப்ள, ஒங்களுக்கு வண்டிக்குத்தான் என் மக மூஞ்சி வேணுமா?"

"அப்பிடி இல்லத்த."

"ரெண்டு மாசக் கரு. வீட்டுக்குத் தூரம்னு சொல்லித் தனியாப் படுக்கப் போட்டுட்டு, குடும்பத்தோட வண்டிக்கு மால போடப் போயிட்டீக. எம்புள்ள கதவப் புடிச்சிக்கிட்டே எதுத்த வீடு வரைக்கும் போயிருக்கா."

"எங்களுக்குத் தெரியாதுத்த. தூரம்னுதான் அம்மா நெனச்சா."

அப்போதுதான் செல்வக்கனி பேசினாள். "நாள் தள்ளியிருக்குன்னு ஒங்ககிட்ட சொன்னேன்ல."

சொன்னாளாம். சொல்லியிருக்கலாம். கேன் லோடு வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும், காதில் விழுந்திருக்காது. தவிரவும் இதற்கு முன்னால் இரண்டு முறை நாள் தள்ளி, ஊரெல்லாம் சொல்லி, ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. இந்தத் தடவை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைப்பது தப்பா? வண்டிப் பூசையன்று காலையில் நான் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஏற்கெனவே நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாலை வாங்கியாகிவிட்டது.

"அன்னைக்கி எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா?" என்றாள்.

"போன்ல சார்ஜ் இல்ல கனி. செத்துக் கெடந்துச்சு. சொன்னேன்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாதுளம்பழப் பையை எங்கே வைப்பது என்று தேடினேன்.

காபி கொடுத்தார்கள். குடித்தேன். பஸ் ஏறினேன்.

அக்டோபர் 6, திங்கள்

பையை மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பழம் நாற்காலியில் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது எழுதுகிறேன்.

அம்மாதான் யோசனை சொன்னாள். "அவ மூஞ்சிதான வேணும்? கல்யாண ஆல்பத்துல பெருசா இருக்குல்ல, அதக் காட்டுய்யா." கிறுக்குத்தனம் என்று தெரிந்தும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நஸ்ரின் முடியாது முடியாது என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே தடவ பாப்போம்மா" என்று கெஞ்சினேன். வண்டிக்குப் பக்கத்தில் ஆல்பத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெக்கானிக்குகள் எல்லாம் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கேமரா முதலில் செல்வக்கனியின் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டது. அடடா என்றிருந்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது: கண்ணைச் சிமிட்டவும்.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"உயிரோட இருக்க ஆளான்னு பாக்கத்தான் சார் அது கேக்குது" என்றாள் நஸ்ரின்.

மெக்கானிக் ஒருத்தன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் பீரோவில் வைக்கும்போது அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். தாலி கட்டிய கையோடு எடுத்த படம். கண் கலங்கி, சிமிட்டப் போகிற மாதிரிதான் இருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள், பார்க்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

செல்வக்கனியிடமிருந்து மெசேஜ். "வியாழக்கிழமை வாரேன். முகம் காட்டிட்டுப் போயிருவேன்."

"போயிருவேன்" என்று இருக்கிறது. இருந்தாலும் வருகிறாள்.

வீட்டைக் கூட்டி, அவளுடைய கொடியில் கிடந்த என் சட்டைகளை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் வியாழக்கிழமை வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். "நான் என்னய்யா சொன்னேன்? ஊரு ஒலகத்துல இல்லாததையா சொன்னேன்?" என்று ஒரு பாட்டம் அழுதாள். அம்மாவும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பேரப்பிள்ளை அவளுக்கும்தான். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். செல்வக்கனி ஒரு கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினாள். வண்டியைப் பார்த்து நின்றாள். அவள் பெயரில் பதிவான வண்டியை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் சாத்தூர் போகும்வரை அவள் தெருப்பக்கம் வரவே இல்லை. டிரைவர் சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம். நான் எதுவும் சொல்வதற்குள் பின்னால் ஏறி, காலிக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

ஷோரூமில் நஸ்ரினுக்கு ஒரே சந்தோஷம். "வாங்கக்கா, வாங்க. உங்க ஒரு முகத்துக்காக சார் படாத பாடு பட்டுட்டாரு." நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். வண்டியின் மேல் கை வைத்து நிற்கச் சொன்னாள். செல்வக்கனி விரல் நுனியை மட்டும் வைத்தாள். கேமரா வட்டம் போட்டது. கண்ணைச் சிமிட்டவும். சிமிட்டினாள். பச்சை டிக் விழுந்தது. ஆடிட்டர் சொன்ன அஞ்சு நிமிசம்கூட ஆகவில்லை.

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவளை வீட்டுக்கு அழைக்க வேண்டும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் பழைய படத்தை நீக்குவதற்காகத் திரையில் எடுத்தாள். செல்வக்கனி அதைப் பார்த்தாள். மாலை போட்ட வண்டியையும் தங்கமாரியையும் பார்த்தாள்.

"இது நீங்க எடுத்ததாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அன்னைக்கி எங்க டேப்லெட்ல கேமரா மக்கர் பண்ணிருச்சு. சாரே அவரு போன்ல எடுத்து அனுப்புனாரு. அது மட்டும் இல்லன்னா அன்னைக்கி டெலிவரியே தள்ளிப் போயிருக்கும். மொத லோடு எங்க எறக்கணும்னு வேற யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டே இருந்தாரு" என்றாள் நஸ்ரின் சிரித்துக்கொண்டே. நல்ல பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

செல்வக்கனி என் பக்கம் திரும்பவில்லை. "போன் கையிலதான் இருந்துச்சா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. நஸ்ரின், "ஆமாக்கா" என்றாள்.

கோயிலுக்குப் போகிற வழியில்தான் சார்ஜ் தீர்ந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏனோ சொல்லவில்லை.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் விடட்டுமா என்றேன்.

"வீட்டுக்குப் போங்க" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. வேகமாகத்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். செல்வக்கனி இறங்கவில்லை. கேன்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு தாயி" என்றாள் அம்மா.

"இல்லத்த." என்னிடம் சொன்னாள், "இங்கன இருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டுங்க."

"ஏன் கனி, ஒடம்புக்கு என்ன?"

"ஓட்டுங்க."

ஓட்டினேன். இந்த வண்டியில் இன்ஜின் சத்தம் கிடையாது. அதைச் சொல்லித்தான் விற்றார்கள். பழைய டீசல் ஆட்டோவாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருக்கலாம். பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று முட்டுவது மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தாள். தெருமுனையைத் தாண்டினோம். பிள்ளையார் கோயில் வந்தது. திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசல்.

வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி, வாசலையும் நாங்கள் வந்த தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டயா" என்றாள். "அன்னைக்கி ரொம்பத் தூரமா இருந்துச்சு."

பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். கூப்பிட்டேன். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன, கேட்டிருக்காது.

அக்டோபர் 17, வெள்ளி

லோடு எடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சேலை வாங்கி வைத்திருந்தேன். அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. சார்ஜ் இல்லாமல் இருக்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

மானியம் வந்துவிட்டது. நஸ்ரின் போன் செய்தாள். உரிமையாளருக்கும் மெசேஜ் போயிருக்கும் என்றாள். ஸ்வீட் கொண்டு வாங்க சார் என்றாள். சரி என்றேன்.

தங்கமாரி பெயருக்கு வண்டியை மாற்றிவிடலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டேன். மானியம் வாங்கிய வண்டியைச் சில வருடங்களுக்கு வேறு பெயருக்கு மாற்ற முடியாதாம். அம்மாவிடம் வருத்தமாகச் சொன்னேன். எனக்கு வருத்தமில்லை. அதுவரைக்கும் இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எதற்காவது அவள் கையெழுத்து வேண்டியிருக்கும். ஓ.டி.பி. வரும்.

கண்ணாடியில் கணேசன் போட்ட பென்சில் கோட்டைத் துணியால் துடைத்தேன். வெயில் படும்போது லேசாகத் தெரிகிறது.

அக்டோபர் 30, வியாழன்

புது வாடிக்கை பிடித்திருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற டீக்கடை. தினமும் கேன் வேண்டுமாம், காலை முதல் லோடு அங்கேதான் இறங்க வேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். என்ன காரணம் சொல்வது? எங்கள் வீட்டிலிருந்து அதுதான் ரொம்பக் கிட்டம்.

இன்று காலையில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை எடுத்தேன். தெருமுனை, பிள்ளையார் கோயில், ஒரு திருப்பம். சீட்டில் ஒழுங்காக உட்காருவதற்குள் வந்துவிட்டது. நாளையும் போக வேண்டும்.